சுதை மரத்தடியில் ஒரு மீசை

வெள்ளாற்றின் மேல் அந்திச் செம்மை மெல்லக் கரைய, கீழ்வானில் முழுமதி பொன்தாலம் போல் எழுந்துகொண்டிருந்த அந்த இனிய வேளையில், அகரக்கோட்டை இளவரசி கொற்றநங்கையின் ஒற்றன் காரி, உடலெங்கும் சுண்ணச் சாந்து பூசிக்கொண்டு, கரையோரக் கொட்டகையொன்றில் சுதைச் சிலையாகச் சம்மணமிட்டிருந்தான்.

வேறு என்ன செய்வான், வாசகர்களே? பகைவர் விடியலில் கோட்டையின் சிறு நுழைவாயிலான திட்டிவாசலை உடைக்கப்போகும் செய்தி அவனிடம் இருந்தது. அவனைத் துரத்திவந்த மூன்று வீரர்கள் வாசலில் குதிரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாச் சமயத்தாருக்கும் உருவம் செய்து தரும் அந்தக் கொட்டகையில், பாதி முடிந்த சுதை மரமொன்றின் கீழே வெறும் பீடம் இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டான். சுண்ணாம்பு குழைத்துக் கை வெந்தவர்களுக்குத்தான் அவன் பட்ட பாடு புரியும். மீசையையாவது மழித்திருக்கலாம். அதை ஒருநாள் இளவரசி கடைக்கண்ணால் நோக்கியிருந்தாள்; ஆகவே அதன் மேலும் சாந்தை அப்பியிருந்தான்.

"ஆகா, எங்கள் அருகதேவர்!" என்று கைகூப்பினான் அவர்களில் முதலில் நுழைந்த சமணன் அரிட்டநேமி. "மரத்தடி, சம்மணம், மூடிய கண். சந்தேகமே இல்லை."

"தலைக்கு மேல் முக்குடை எங்கே ஓய்? இடுப்பிலே துணி வேறு இருக்கு. உம்ம ஆள் துணி கட்டுவாரா?" என்றான் பௌத்தன் சங்கதத்தன். "இது போதியடியில் எங்கள் புத்தர்."

"தோளில் சீவர ஆடையின் மடிப்பு எங்கேயப்பா?" என்று நடுவே புகுந்தான் சைவன் நக்கன். "சடையைப் பார். ஆலமர்ந்த எங்கள் பெருமான்!"

"காலடியில் முயலகன் எங்கே? சடையிலே பிறை எங்கே?" என்றான் அரிட்டநேமி.

"அசோகா, அரசா, ஆலா, மரத்தின் இலையைப் பார்த்தால் தெரிந்துவிடுமே!" என்றான் சங்கதத்தன்.

மூவரும் அண்ணாந்தார்கள். சுதைக்காரன் இன்னும் இலை வைக்கவில்லை.

"சண்டை எதற்கு?" என்றான் நக்கன். "நீராட்டு மூன்று பேருக்கும் பொதுதானே? ஆளுக்கொரு குடம் ஊற்றி வேண்டிக்கொள்வோம். அந்த ஒற்றப் பயலைக் கண்ணில் காட்டட்டும்."

மூன்று குடம் ஆற்றுநீர் காரியின் தலையில் இறங்கியது. ஈரச் சுண்ணாம்பு எரிந்தது. சாந்து வழிந்தது. நிலவொளியில், இரண்டு முனையும் முறுக்கேறிய மீசை மெல்ல வெளிப்பட்டது.

"ஐயையோ, அருகருக்கு மீசை கிடையாது. உம்ம புத்தர்தான்!"

"எங்கள் புத்தருக்கா? நக்கா, நீயே வைத்துக்கொள்!"

"ஆலமர்ந்தவர் என்றும் இளையவரப்பா, மீசைக்கு எங்கே போவார்!"

காரிக்கோ வலக்கால் மரத்துச் செத்திருந்தது. பொறுக்க முடியாமல் அதைப் பீடத்திலிருந்து கீழே தொங்கவிட்டான்.

ஒரு கால் மடக்கி, ஒரு கால் தொங்கவிட்டு, மீசையோடு! மூவர் முகமும் வெளிறியது.

"ஐயனார்!" என்றார்கள் ஒரே குரலில். மூன்று பேரும் அஞ்சும் சாமி அவர் ஒருவரே. மூவரும் குப்புற விழுந்தார்கள்.

காரி உடனே புரிந்துகொண்டான்.

"எங்கேடா என் குதிரை?" என்று இடிபோல் முழங்கினான்.

"வாசலில் சாமி! நல்ல குதிரை சாமி!" என்று மண்ணில் முகம் புதைத்தபடியே கதறினான் அரிட்டநேமி.

குளம்பொலி தேய்ந்து மறைந்த பிறகே மூவரும் தலை நிமிர்ந்தார்கள். சாமி மூன்று குதிரைகளையும் கொண்டுபோயிருந்தது.

அன்றிரவே திட்டிவாசலின் பின்னே கருங்கல் அடுக்கப்பட்டது. வேலை முடிந்ததும், சாந்து இறுகிய முகத்தோடு காரி இளவரசியின் முன் தலைகுனிந்து நின்றான். கொற்றநங்கை தன் கையாலேயே அந்தச் சாந்தைப் பெயர்த்தாள். பாதி மீசையும் கூடவே வந்துவிட்டது.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடைவாளை உருவி நிலத்தில் ஊன்றினாள்.

"இந்த வாளின் மேல் ஆணை, காரியாரே! தங்களையன்றி வேறொருவருக்கு மாலையிட மாட்டேன்" என்றாள். "ஆனால் மறுபாதியும் முளைத்த பிறகுதான்."