சப்பாத்துக்குள் ஒரு சேவல்

அந்தக் காலத்தில் முதலியார்பேட்டையில், ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே தெருவை எழுப்பிவிடும் சேவல் ஒன்று இருந்தது. அதன் பெயர் மிளகாய். கொண்டை அவ்வளவு சிவப்பு. கோபமும் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை வளர்த்த வேம்பு மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வேம்பு வீட்டின் பின்கட்டில் முசே க்சாவியே குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த தமிழர். 'முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

மாலையானால் வெள்ளை உடுப்பும், காலில் கறுப்புத் தோல் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பழைய சிநேகிதர்களைப் பார்க்கக் கடற்கரைக்குக் கிளம்புவார். சப்பாத்துக்குப் பாலீஷ் போடுவதே ஒரு பூசை மாதிரி நடக்கும்.

அன்றும் அப்படித்தான் கிளம்பினார். முற்றத்தில் பெட்டைகளோடு மேய்ந்துகொண்டிருந்த மிளகாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. கழுத்து மயிர் குடைபோல விரிந்தது. அடுத்த நொடி பாய்ந்துவிட்டது.

"ஐயோ முசே! ரத்தம் வருதே!" என்று வேம்புவின் அம்மா செல்வாம்பாள் மஞ்சளும் துணியுமாக ஓடிவந்தாள்.

"சண்டையில கூட எனக்கு அடிபட்டதில்லம்மா. இது என்னடான்னா வந்து வந்து காலையே அடிக்குது!" என்றார் முசே.

அம்மா வேம்புவின் பக்கம் திரும்பினாள். "இனிமே பொறுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை இதைக் கொழம்பு வச்சிடப் போறேன்."

"அம்மா! மிளகா யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மா!"

"அப்ப முசே கால்ல இருக்கறது என்ன, மருதாணியா?"

வேம்பு மிளகாயை மறைத்துக்கொண்டு நின்றாள். குஞ்சாக இருந்தபோது மழையில் நனைந்து நடுங்கிய மிளகாயைப் பாவாடைக்குள் சுருட்டிக் காப்பாற்றியவள் அவள்தான்.

மறுநாள் காலை முசே வெறுங்காலோடு கிணற்றடிக்கு வந்தார். 'போச்சு!' என்று வேம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மிளகாயோ அவர் கால்விரல் பக்கத்திலேயே சிந்திய தண்ணீரைக் குடித்துவிட்டு, பேசாமல் போய்விட்டது.

அதே முசே. அதே கால். மாலையில் மட்டும் ஏன் அவ்வளவு கோபம்?

மாலையில் அவர் சப்பாத்தைத் துடைத்து வாசற்படியில் வைத்ததும், வேம்பு குனிந்து பார்த்தாள். கறுப்பு மூக்கில் அவள் முகமே தெரிந்தது. நாக்கை நீட்டினாள். உள்ளே இருந்தவளும் நீட்டினாள்.

"முசே! மிளகா உங்களோட சண்டை போடல! சப்பாத்துக்குள்ள இருக்கற சேவலோடதான் போடுது!"

"என்ன பிள்ளை ஒளர்ற?"

"ஒரு சப்பாத்துல மட்டும் கொஞ்சம் சாம்பல் பூசட்டுமா? அப்புறம் பாருங்க."

முசே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என் சப்பாத்துல சாம்பலா!"

ஆனால் வேம்புவின் கண்களைப் பார்த்ததும் அவருக்கு மனம் இளகிவிட்டது. "சரி, பூசு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

வேம்பு அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து இடது சப்பாத்தில் தேய்த்தாள். இரண்டு சப்பாத்தையும் முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு அம்மாவையும் கூப்பிட்டாள். மூவரும் ஒதுங்கி நின்றார்கள்.

மிளகாய் வந்தது. சாம்பல் பூசியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பளபளத்த வலது சப்பாத்தின் முன் நின்றது. கழுத்து மயிர் விரிந்தது. 'டொக், டொக்' என்று கொத்தியது. எட்டி உதைத்தது. சப்பாத்து உருண்டு கவிழ்ந்ததும், ஜெயித்துவிட்ட பெருமையில் ஒரு கூவல்.

முசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பாவம், வேற சேவல் வந்துடுச்சுன்னு நம்மளைக் காப்பாத்தத்தான் இவ்ளோ பாடுபட்டிருக்கு. இதைப் போய் யாரு கொழம்பு வைப்பாங்க?" என்றாள் அம்மா.

வேம்பு ஓடிப்போய் மிளகாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் இதயம் இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"முசே, நீங்க பாலீஷ் போடறதை விட வேணாம். இங்க வெறுங்காலோட நடந்து வாங்க. வாசல்ல போய்ச் சப்பாத்து மாட்டிக்கலாம்ல?"

"உத்தரவு, மதாம்!" என்று ஒரு பெரிய அம்மணியிடம் சொல்வதுபோல முசே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

அன்றிலிருந்து மாலைதோறும் அந்தத் தெரு ஒரு வேடிக்கையைப் பார்த்தது. வெள்ளை உடுப்பு, வெறுங்கால், கையில் சப்பாத்து என்று முசே முற்றத்தைக் கடந்து வருவார். மிளகாய் அவர் பக்கத்திலேயே, காவல்காரன்போல வாசல்வரை நடந்து வரும்.

ஒருநாள் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் கேட்டேவிட்டாள். "ஏன் முசே, சப்பாத்தைக் கையில தூக்கிட்டு வர்றீங்க?"

முசே வேம்புவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சப்பாத்தா? இது ரெண்டும் சேவல்மா. உள்ள கீழ எறக்கி விட்டா சண்டைக்குப் போயிடும்!"