ஒட்டகப் பக்கம்

காலையிலிருந்தே அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பாப்பாவின் லேப்டாப் திறந்து கிடந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று இன்று மாலைக்குள் அதில் உறுதி செய்தாக வேண்டும். அதைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும், அடுப்பை அணைக்க மறந்துவிட்டவர்களைப் போல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சின்னவளுக்கு நிலைகொள்ளவில்லை. அந்த வீட்டின் இளைய மருமகள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். எதற்கோ மாடிக்குப் போனாள், எதற்கென்று தெரியாமல் இறங்கி வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"சின்னவளே, தண்ணி போகுது பாரு!" என்றாள் மூத்த மருமகள். "அம்மாவும் பொண்ணும் சேர்ந்து திட்டம் போட்டாச்சு. இனிமே தண்ணி போனா என்ன, கரண்டு போனா என்ன!"

"நான் எந்தத் திட்டமும் போடலக்கா..."

"ஆமா, நீ போடல. அது தானா முளைச்சுது! பயோமெடிக்கல் இன்ஜினியரிங்காம். அப்படி ஒரு படிப்பை இந்தத் தெருவுல யாராவது கேள்விப்பட்டிருக்காங்களா? டாக்டரான்னு கேட்டா இல்லங்குறா. இன்ஜினியரான்னு கேட்டா ஆஸ்பத்திரிங்குறா. ஊசி போடுமா, ஸ்பேனர் பிடிக்குமா? அதையாவது தெளிவா சொல்லச் சொல்லு!"

"ரெண்டும் பிடிக்கும் பெரியம்மா," என்றது உள்ளறையிலிருந்து பாப்பாவின் குரல். "உங்களுக்கு எது வேணும்?"

"பாரு வாயை!"

வேறொரு நாளாக இருந்திருந்தால் சின்னவள் சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. இந்த வீட்டில் பாப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பாப்பா அந்தப் படிப்பைப் படிக்கவே கூடாது என்று எல்லோரையும்விட அதிகமாகத் தவித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். முந்தின நாள்கூட மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள். "பெரியப்பா சொல்ற மாதிரி கம்ப்யூட்டரே எடும்மா. அந்த மெஷின், குழாய், பை எதுவும் நமக்கு வேண்டாம்." பாப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் சின்னவளைத் தூங்க விடவில்லை.

காரணத்தை அவளால் சொல்ல முடியாது. எட்டு வருடமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியது அது.

பாப்பாவின் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறையைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். பையிலிருக்கும் மருந்து நீர் அதன் வழியே உள்ளே போகும். சில மணி நேரம் கழித்து, உடம்பின் கழிவோடு இன்னொரு பைக்கு வடியும். வடிந்த நீர் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியிருந்தால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று பொருள், உடனே ஓட வேண்டும். "பைக்கு அடியில அச்சடிச்ச தாளை வச்சுப் பாருங்க. எழுத்து தெரியணும்," என்றிருந்தாள் நர்ஸ்.

பாப்பாவின் பழைய பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டார்கள். ஒட்டகத்தைப் பற்றிய பாடம் அது. பத்து வயதுப் பாப்பா பைக்கு அருகே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படிப்பாள். "ஒட்டகம் பல நாட்கள் தண்ணீர் இல்லாமல் வாழும்..." ஒரு டம்ளர் தண்ணீருக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய அவள் அப்பா, "நம்ம சொந்தக்காரன்தான் போல!" என்பார். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சின்னவள் அந்த வேலையை மகளிடம் விட்டிருந்தாள். அடுக்களையில் நின்றபடி காதால் கேட்பாள். ஒட்டகம் தடங்கலில்லாமல் ஓடினால் நீர் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாளும் அவள் அந்தப் பக்கத்தை மாற்றவில்லை. குழந்தைக்கு அது மனப்பாடமாகிவிட்டது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை... வடிந்த பையைத் தூக்கிக் கொட்டப் போன ஒரு காலையில், உள்ளே இருந்த நீர் அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கியிருப்பதைப் பார்த்தாள். ஒட்டகம் அப்போதுதான் அழகாகப் படித்து முடிக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் பையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்; ஒட்டகத்தைக் கேட்ட நம்பிக்கையில் அதை அவள் பார்க்காமலே கொட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

"யார் பார்த்தது?" என்று கேட்டார் டாக்டர். "நான்தான் பார்த்தேன். கவனிக்கல," என்றாள் சின்னவள். அன்று சொன்னதை அவள் மாற்றவே இல்லை. அந்த மெஷினையும் பையையும் பற்றிப் படித்தால் பாப்பாவுக்கு ஒருநாள் உண்மை புரிந்துவிடும் என்பதுதான் அவள் பயம்.

பெரியவர் டயர் கடைக்குக் கிளம்பும் கோலத்தில் கூடத்துக்கு வந்தார். இறந்துபோனவரின் அண்ணன். பாப்பாவின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். பேச்சில் கொஞ்சம் கரடுமுரடு.

"முடிவு பண்ணியாச்சா?"

"பண்ணிட்டேன் பெரியப்பா. அதேதான்."

"கம்ப்யூட்டர் படிச்சவன்லாம் எங்கேயோ போயிட்டான். நீ ஆஸ்பத்திரியில மெஷின் துடைக்கப் போறேங்குற! உனக்கு யார் இதைச் சொல்லிக் குடுத்ததுன்னு எனக்குத் தெரியும்."

"அத்தான், நானே வேண்டாம்னுதான்..." என்று தொடங்கினாள் சின்னவள்.

"நீ பேசாதேம்மா!" அவர் குரல் உயர்ந்தது. "ஒரு பையில தண்ணி கலங்கியிருக்கா இல்லையான்னு பார்க்கத் தெரியாம என் தம்பியை வாரிக் குடுத்தவ நீ! இப்ப பொண்ணை மெஷின் படிக்க அனுப்புறியா? எந்த முகத்தோட?"

மூத்த மருமகளே திடுக்கிட்டுப் போனாள். "என்னங்க இது... பிள்ளை முன்னாடி..."

சின்னவள் தலை குனிந்தாள். வழக்கமாகக் குனியும் தலைதான். ஆனால் பாப்பா எழுந்து நின்றுவிட்டாள்.

"பெரியப்பா, அம்மா பார்க்கல."

"பாப்பா!" சின்னவள் பாய்ந்து வந்து மகளின் வாயைப் பொத்தினாள். "வேண்டாம்டி... ஒண்ணும் பேசாதே... உனக்கு ஒண்ணும் தெரியாது!"

பாப்பா அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. "எனக்குத் தெரியும்மா. எப்பவோ தெரியும். பையைப் பார்த்தது நான். பார்த்தது என்ன பார்த்தது... நான் குனியவே இல்ல. ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கிட்டே ஒப்பிச்சேன். அப்போ அது என்னன்னு தெரியல. வளர வளரத்தான் புரிஞ்சுது. புரிஞ்சதும் உன்கிட்ட வந்து சொல்லணும்னு எத்தனை தடவை நினைச்சேன் தெரியுமா? நீ எனக்காக இவ்வளவு ஏச்சும் பேச்சும் வாங்கிக்கிட்டு நிக்கிறே... அதைப் போட்டு உடைச்சா நீ தாங்க மாட்டேன்னு பயந்து பயந்து..."

"பத்து வயசுடி உனக்கு!" சின்னவள் கதறிவிட்டாள். "நான்தானே தினமும் அதே பக்கத்தை வச்சேன்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதை மாத்தியிருந்தா..."

பெரியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். வண்டிச் சாவி விரலிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"ஏம்மா..." என்றார் சின்னவளைப் பார்த்து. "இத்தனை வருஷமா நான் பேசாத பேச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சொல்லியிருந்தா, என்கிட்ட பேசினதை எல்லாம் பிள்ளைகிட்ட பேசியிருப்பீங்க அத்தான்."

 மூத்த மருமகள் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு விம்மினாள். பிறகு வந்து சின்னவளைக் கட்டிக்கொண்டாள். "பாவி... பாவி... என்கிட்டயாவது..." என்றாள்.

ஆனால் சின்னவளின் மனம் இன்னும் அடங்கவில்லை. மகளை இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"நேரா பார்த்துச் சொல்லு. செஞ்ச தப்புக்குப் பரிகாரமா இதைப் படிக்கப் போறியா? அப்படின்னா வேண்டாம். உங்கப்பா பேரைச் சொல்லி நீ உன்னையே தண்டிச்சுக்க நான் விட மாட்டேன்."

பாப்பா யோசித்தாள். "முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பொய் சொல்லல. அப்புறம் அதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேனா..." அவள் கைகள் தாமாகவே உயர்ந்தன. "இங்க ஒரு சின்ன லைட்டும்மா. எதிர்ப்பக்கம் அதைப் பார்க்க ஒரு சென்சார். நடுவுல குழாய் போகுது. தண்ணி தெளிவா இருந்தா வெளிச்சம் நேரா போகும், கலங்கியிருந்தா சிதறும். சிதறினா அது கத்தணும். ஆனா உள்ள காத்துக்குமிழி வந்தாலும் சிதறுமே! அப்போ சும்மா சும்மா கத்தினா யாரும் மதிக்க மாட்டாங்க. அதை எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரியல... அதை நினைச்சாலே எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதும்மா!"

சொல்லிக்கொண்டே போனவளின் விரல்கள் காற்றில் ஒரு குழாயைப் பிடித்திருந்தன. கண்ணீர் காயாத அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. விடை கிடைக்காத கணக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் பரபரப்பு இருந்தது. இந்தப் பெண்ணைத் தடுத்தால் அதுதான் உண்மையான தண்டனை என்று சின்னவளுக்குப் புரிந்தது.

மகளின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "போ. படி. ஆனா ஒண்ணு... இனிமே தப்பு நடந்தா என்கிட்ட மறைக்காதே. நானும் மறைக்க மாட்டேன்."

பாப்பா மேசைக்குப் போனாள். லேப்டாப்பிலிருந்து ஒரு சின்ன ஒலி கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் பெரியவர். "காலேஜ் தூரமோ?"

"தூரந்தான் பெரியப்பா."

"சேர்க்கிற அன்னிக்கு நான் கொண்டுபோய் விடுறேன்." அது கட்டளையா, மன்னிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

சின்னவள் குனிந்து அவருடைய சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இல்ல அத்தான். என் பொண்ணை நான்தான் கூட்டிட்டுப் போவேன்," என்றாள். பிறகு ஒரு கணம் விட்டு, "நீங்களும் அக்காவும் கூட வாங்க," என்றாள்.