அன்றைக்குப் போகாதவன்

மகனின் மூக்குக்கண்ணாடியில் விரல்ரேகை இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் வீட்டில் உள்ளவர்களின் கண்ணாடிகளை வாங்கித் துடைத்துக் கொடுப்பார். ஊரார் கண்ணைப் பார்க்கிறவர் வீட்டில் ஒருவரும் அழுக்குக் கண்ணாடியோடு திரியக் கூடாது என்று ஒரு வீம்பு. தன்னுடையது, மனைவியுடையது, மகளுடையது என்று வரிசையாக முடித்துவிட்டு, கடைசியில் அலமாரியிலிருந்து மகனின் பழைய கண்ணாடியை எடுப்பார். அதைப் போட்டுக்கொள்ள இப்போது ஆள் இல்லை. ஆனாலும் அதைத் துணியால் இரண்டு இழுப்பு இழுக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

அன்று அதன் வலது லென்ஸில் ஒரு கட்டைவிரல் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. மூக்கில் உட்காரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. நாள் முழுக்கப் போட்டிருந்து கழற்றி வைத்த கண்ணாடி எப்படி இருக்குமோ அப்படி. மனைவிதான் எடுத்துப் போட்டுப் பார்த்திருப்பாள், பெற்ற மனசு, அதைப் போய் விசாரிப்பானேன் என்று துடைத்து வைத்துவிட்டார். பிறகுதான் துணியைப் பார்த்தார். சற்றுமுன் மகளின் கண்ணாடியைத் துடைத்த பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மாதக்கணக்கில் யாரும் தொடாத ஃபிரேமில் படிகிற தூசி. அவளோ அதை அப்போதுதான் முகத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருந்தாள்.

மகன் போனது போன மழைக்காலத்தில். தங்கையின் ஓவிய வகுப்பு முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவளை அழைத்துவர அண்ணன் ஸ்கூட்டரில் கிளம்பினான். பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி. தங்கை வகுப்பு வாசலில் ஒரு சொட்டுகூட நனையாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அவன் விட்டுப் போனவற்றில் ஒன்று பேஸ்பால் லீக். அந்த விளையாட்டின் மட்டையை அவன் கையால் தொட்டதுகூடக் கிடையாது. எல்லாம் கணினிக்குள் நடப்பது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் கொஞ்சம் பேர் ஆளுக்கொரு அணியை வைத்துக்கொண்டு, நடக்காத சரித்திரம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பெரிய போர் நடக்கவேயில்லை என்பது அவர்கள் கணக்கு. போர்முனையில் இருபது வயதில் செத்த பையன்கள் அங்கே சாகாமல் பந்து வீசினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், முட்டி வலிக்கிறது என்று ஓய்வு பெற்றார்கள். சாயங்காலமானால் அன்றைய ஆட்டத்தைக் கணினியே ஆடி, வரிவரியாகத் திரையில் எழுதும். சும்மா உட்கார்ந்து அதைப் படிப்பதற்கு விளையாட்டு என்று பேரா என்று அவர் மகனைக் கேலி செய்திருக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு லீக் தலைவர் போன் செய்தார். நல்ல மனிதர், பேச்சில் பதமாக இருந்தார்.

"தம்பியோட டீம் அநாதையாக் கிடக்கு சார். நீங்க எடுத்து நடத்துறீங்களா? இல்லேன்னா கலைச்சிடணும்."

கலைப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சீசனும் தொடங்குமுன் அணிக்காரர் ஒரே ஒருவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம். பெரும்பாலும் மூழ்கிப்போன கப்பலில் ஏறியவனை ஏறாமல் இருக்கச் செய்வார்கள், அவன் பிழைத்து அணிக்கு வந்துவிடுவான். கண்ணாடிக்கடைக்காரர் பெயரைக் கேட்ட கட்டத்தில் தன் மகனின் பெயரை அடித்தார். தேதியைக் கேட்டது, அந்த மழைநாளைக் கொடுத்தார். என்ன மாற்றம் என்று கேட்டது. 'அன்றைக்கு அவன் போகவில்லை.'

அணியில் இடம் நிரம்பிவிட்டது, ஒருவரை நீக்கினால்தான் இவரைச் சேர்க்க முடியும், நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்களா, நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்றது திரை. முகம் தெரியாத அந்தப் பையன்களில் யாரை நீக்குவது? யாரோ பெற்ற பிள்ளைகள். அந்தப் பாவம் நமக்கெதற்கு என்று, நீயே எடுத்துக்கொள் என்பதை அழுத்தினார். அழுத்தியபோது மனசுக்கு லேசாகக்கூட இருந்தது.

சீசன் தொடங்கியது. மகன் அடித்தான், ஓடினான், விழுந்து எழுந்தான். அணியோ படு மோசமான அணி, அவன் நடத்தியபோதும் அப்படித்தானாம். சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, மகன் அறையில், மகன் நாற்காலியில் உட்கார்ந்து, 'வலதுபக்கம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தான், இளைத்துக்கொண்டே சிரிக்கிறான்' என்பது மாதிரியான வரிகளைக் கண்ணில் நீர் முட்டப் படிப்பார். அப்படி ஒரு சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தபோது, ஈரச் சட்டையும் சவரச் சோப்பும் கலந்த ஒரு வாடை, அவர் வருஷக்கணக்கில் அறிந்திருந்த மகனின் வாடை, கட்டிலின் பக்கமிருந்து மெல்ல எழுந்து, அவர் தோளைச் சுற்றி வந்து, திரைக்கு முன்னால் நின்றது. அவருக்குப் பயமாக இல்லை. பயம் வந்தது ராத்திரிச் சாப்பாட்டின்போது.

மனைவி மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். அவருக்கு, தனக்கு, சுவரோரம் மகன் எப்போதும் உட்காரும் இடத்தில் ஒன்று. முணுமுணுவென்று ஏதோ பாட்டு வேறு. அவள் பாடி ஒரு வருஷமாயிற்று.

"அம்மா, எனக்கு?" என்றாள் மகள்.

மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீ எப்ப வந்தே?"

"நான் இங்கதாம்மா உக்காந்திருக்கேன். அப்பலேர்ந்து."

"அட, கவனிக்கவேயில்ல பாரு" என்று சொல்லி மனைவி இன்னொரு தட்டு எடுக்கப் போனாள். போனவள் அதை மறந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணாடிக்கடைக்காரர் தன் தட்டை மகளிடம் நகர்த்தினார். அவள் கை அவர் கைமேல் பட்டது. சில்லென்று இருந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. கணினிக்குப் போய் நீக்கப்பட்ட ஆள் யார் என்று தேடினார். மகன் எப்போதோ விளையாட்டாகச் செய்து வைத்திருந்த வேலை. அண்ணா, என்னையும் டீம்ல சேத்துக்கோ என்று தங்கை நச்சரித்திருப்பாள், அவனும் சேர்த்திருக்கிறான். அவள் பெயர், மகன் வரும் வரிகளை மட்டுமே தேடிப் படித்தவர் கண்ணில் இதுவரை படாத பெயர். பந்து வீசுகிறவள். பக்கத்தில் 'சீசன் முடிவில் நீக்கம்' என்று இருந்தது. தொடக்கத்தில் ஆட்டம் முழுக்க வீசியவள், போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது கடைசியில் வந்து நாலு பந்து போட்டுவிட்டுப் போகிறாள்.

லீக் தலைவரைக் கூப்பிட்டார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீக்குன ஆளத் திரும்பச் சேக்கணும். எப்படிங்க?"

"சேர்த்தவர எடுத்துடுங்க சார், தானா அவங்க வந்துடுவாங்க. ஆனா கடைசி மேட்ச் முடியறதுக்குள்ள செய்யணும். முடிஞ்சிட்டா அதுதான் சரித்திரம். அப்புறம் யாருக்குமே வேற மாதிரி ஞாபகம் இருக்காது." தலைவர் சிரித்தார். "லீக்ல சொல்றேன் சார். ஏன், யாரு அந்தப் பிளேயர்?"

கண்ணாடிக்கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

தினம் சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் உட்காருவார். இன்றைக்கு ஒரே ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு நாளைக்கு என்று எழுந்துவிடுவார். இந்தக் கோழைத்தனத்துக்கு அவர் வைத்த பெயர் அவகாசம். இதற்குள் மகளின் பள்ளியில் ஆசிரியை வருகைப் பதிவில் அவள் பெயரை விட்டுவிட்டுப் படித்தார். அவள் சட்டைகள் தொங்கிய கொக்கிகளில் மகனின் சட்டைகள் தொங்கின. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. மகள் நடந்தால் சத்தமே இல்லை.

கடைசி ஆட்டத்தன்று காலையில் அவள் கண்ணாடியைக் கொடுக்க வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அண்ணன் வருதுல்ல?"

அவர் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

"எனக்குத் தெரியும்ப்பா. அம்மா சிரிக்கிறாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கு நான் குடை எடுத்துட்டுப் போயிருந்தா அண்ணன் வந்திருக்கவே வேணாம். என்னாலதானப்பா?"

"பைத்தியம், அப்படியெல்லாம் சொல்லாத." அவளை இழுத்து அணைத்தார். கைக்குள் ஏதோ இருந்தது, அவ்வளவுதான், எடையே இல்லை. "இன்னிக்கு அப்பா சரி பண்ணிடறேன். சத்தியமா."

"நான் எங்கயும் போகலப்பா. இங்கயேதான் இருக்கேன்."

சாயங்காலம். மழை. கணினி முன்னால் உட்கார்ந்தார். 'விடுவி' என்ற பொத்தானின்மேல் அம்புக்குறியை வைத்தார். நிச்சயமா என்றது திரை. ஒரே ஒரு தட்டு. பெற்ற பிள்ளையை இன்னொரு தடவை, இந்தத் தடவை தன் கையால். திரையில் வரிகள் ஓடின. கடைசிச் சுற்று. மட்டையோடு மகன் வருகிறான். அங்கேயும் மழை தூறுகிறது. சற்றுமுன் இவர்கள் அணிக்குப் பந்து வீச அவள் வரவில்லை. வேறு யாரோ வந்து வீசினான்.

அழுத்து.

வாசலில் மகள் நிற்கிறாள், அவருக்குத் தெரிகிறது. கதவின் நிறம் அவள் வழியாகத் தெரிகிறது.

அழுத்துடா.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. தரையில் வெறுங்கால் சத்தம். சவரச் சோப்பு வாடை. ஒரு கை வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. சூடான கை. உயிருள்ள கை.

"அப்பா, கொஞ்சம் நகருங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் விரல் மேலே எழும்பியது. எழும்பி நின்றுவிட்டது. ஐயோ என் ராசா என்று ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்தே வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விட முடியவில்லை. வாசல் பக்கம் திரும்பவேண்டும் என்று தெரியும். திரும்பவில்லை. பந்து போனது. ஆட்டம் முடிந்தது. எதற்காக அழுகிறோம் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

மறுநாள் மழையில் கடைக்கு ஆளே வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் உற்சாகமாகத்தான் இருந்தார். மதியத்துக்குச் சாப்பாடு கொண்டுவருவதாக மகன் சொல்லியிருந்தான். ஒற்றைப் பிள்ளை என்றாலும் பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டே சோதனை அறைக்குள் போனவர், நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சீருடை. தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

"இப்படி நனைஞ்சிருக்கியேம்மா. கூட யாரு வந்திருக்கா?"

"அண்ணன் கூட்டிட்டுப் போக வரும்னு நின்னேன். வரல. அதான் நானே பாலத்து வழியா நடந்து வந்தேன்."

"கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமே தெரியலப்பா. உங்க குரல் மட்டும் கேக்குது."

அப்பா என்கிறாளே, பயத்தில் வாய் தவறியிருக்கும், பாவம். யார் வீட்டுப் பெண்ணோ, இப்படித் தனியாக விட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பெற்றோர்மேல் கோபம்கூட வந்தது. மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினார். சில்லென்று இருந்தது. "பயப்படாதம்மா. நேராப் பாரு" என்று சின்ன டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார்.

வெளிச்சம் பட்டால் கண்ணின் பாவை சுருங்கவேண்டும். பிறந்த குழந்தைக்கும் சுருங்கும், தூங்குகிறவன் இமையைத் தூக்கிப் பார்த்தாலும் சுருங்கும். சுருங்கவில்லை. இடது கண்ணில் அடித்தார். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். இன்னும் கிட்டே. அவர் கன்னம் நனைந்திருந்தது, ஏன் என்று தெரியவில்லை. முன்பக்கம் கடைக்கதவு திறந்து, "அப்பா, சாப்பாடு!" என்று மகன் குரல் கேட்டது. அவரால் திரும்ப முடியவில்லை. நெற்றியிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்து, திறந்திருந்த கண்ணின்மேலேயே ஓடி இறங்கியது. அவள் இமைக்கவில்லை. வெளிச்சத்துக்கு நடுவே பாவை கன்னங்கரேலென்று அகன்று, அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.