கை சுத்தம்

கோர்ட்டுக்கு எதிரே இருந்த அந்தப் பழைய லாட்ஜில் இன்ஸ்பெக்டரும் அவர் மனைவியும் அறை எடுத்தபோது மதிய வெயில் இன்னும் இறங்கவில்லை. மறுநாள் காலையில் தீர்ப்பு. வேலையிலிருந்து நிறுத்தி வைத்த பிறகும் மனுஷனுக்கு மிடுக்கு மட்டும் குறையவில்லை. மேனேஜர் அடையாள அட்டை கேட்டதற்கு, "ஏன், என் மூஞ்சியப் பாத்தா தெரியலையா?" என்று ஓர் அதட்டல்.

"எங்க வீட்டுக்காரர் கை சுத்தம்ங்க. யாரோ வேணும்னே மாட்டி விட்டுட்டாங்க." பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே அந்த அம்மாளுக்கு வாய் வலித்திருக்கும், பாவம். மேனேஜரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கை சுத்தமாவது! பஞ்சர் கடைக்காரர் ஒருவரின் தம்பியைப் பொய் வழக்கில் லாக்கப்பில் போட்டு, வெளியே விடப் பணம் கேட்டவர் இவர். கடைக்காரர் நேரே லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் போனார். அவர்கள் பொடி தடவிக் கொடுத்த நோட்டுகளை இவர் ஆசையாக வாங்கிக்கொண்டார். வாங்கிய கையைக் கரைசலில் கழுவச் சொன்னார்கள். பொடி பட்ட கையல்லவா, கரைசல் ரோஸ் நிறமானது. அதைப் பாட்டிலில் ஊற்றி சீல் வைத்தார்கள்.

வழக்கு இழுத்த இழுப்பில், சாட்சிக் கூண்டு ஏறாமலே கடைக்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பாட்டிலில் இருந்த ரோஸும் வெளுத்துப் போனது. "நிறமும் இல்ல, கேஸும் இல்ல. நிம்மதியாத் தூங்குங்க சார்" என்று வக்கீல் சிரித்தார்.

மனைவி வக்கீலைப் பார்க்கக் கீழே இறங்கியதும், இன்ஸ்பெக்டர் முகம் கழுவக் குளியலறைக்குள் போனார். ஜன்னலே இல்லாத அறை. ஈரச் சுவரின் பாசி நாற்றத்தோடு இன்னொரு வாசனையும் அடித்தது. டியூபில் தடவும் பஞ்சர் பசையின் வாசனை.

குழாயைத் திறந்தார். தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. கையில் பட்டதும் ரோஸானது.

சோப்புப் போட்டார். தேய்க்கத் தேய்க்க நிறம் ஏறியது.

பின்னால் தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

இழுத்தார், உதைத்தார், தோளால் இடித்தார். எத்தனை வீட்டுக் கதவை உடைத்த ஆள்! இந்த பிளாஸ்டிக் கதவு அசையவில்லை. குழாயையும் மூட முடியவில்லை. வாளி வழிந்து, கணுக்கால் வரை ரோஸ் தண்ணீர் ஏறியது.

"வெளிய யாராவது இருக்கீங்களா?"

"இங்க இருக்கேன் சார்."

காதுக்குப் பக்கத்தில் வந்தது குரல்.

விளக்கு அணைந்தது.

"எல்லாரும் என்னைக் கை கழுவிட்டாங்க சார். நீங்க மட்டும் இன்னும் கழுவிக்கிட்டே இருக்கீங்க."

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. "என்ன வேணும், சொல்லுப்பா. எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்" என்றார். பழக்கதோஷம். செத்தவரிடமும் பேரம்.

"பணம் வாங்கினேன்னு நாளைக்கு ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன்! என் பொண்டாட்டி மேல சத்தியமா சொல்றேன்!"

தாழ்ப்பாள் விலகியது. விளக்கு எரிந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மறுநாள் நீதிபதி, "கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் தன் கைகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவில் நிற்கும்போது நேற்றைய பயம் அவருக்கே கேவலமாகப் பட்டது.

"நான் நிரபராதிங்க ஐயா."

விடுதலை. மனைவி ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் சொல்லல? உங்க கை சுத்தம்னு சொல்லல?"

பெட்டியை எடுக்க அறைக்கு வந்தார்கள். "அழுது அழுது மூஞ்சியே வீங்கிப் போச்சு. கழுவிட்டு வந்துடறேன்" என்று மனைவி குளியலறைக்குள் போனார்.

"போகாத!" என்று இவர் கத்துவதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது.

குழாய் திறக்கும் சத்தம்.

"என்னங்க... தண்ணி ஏன் ரோஸா வருது?"

ஒரு வாய்தா விடாமல் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்ட அம்மாள். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். உள்ளே அழுகை ஆரம்பித்தது. கூடவே தண்ணீர் ஏறும் சத்தமும்.

இன்ஸ்பெக்டர் கதவை நெஞ்சால் மோதினார். "வாங்கினேன்! நான்தான் வாங்கினேன்! அவள விட்டுடு!"

பஞ்சர் பசை வாசனை மூக்கில் ஏறியது.

"இப்ப சொல்றீங்களே சார்" என்றது காதருகே அந்தக் குரல். "ஜட்ஜ் எழுந்து போயிட்டாரே."

கதவின் அடியிலிருந்து ரோஸ் தண்ணீர் கசிந்து வந்து அவர் பாதத்தை நனைத்தது. உள்ளே அழுகை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.