படித்தால் அழியும் நினைவகம்

காலையில் அவன் படித்ததும் அழிந்துபோன எண், மதியம் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது.

செங்கம் சாலைக்குப் பின்னால், வாடகை வீட்டின் முன்னறையில், பீரோ உயரத்துக்கு நின்ற அந்தப் பழைய மினி கம்ப்யூட்டரின் பன்னிரண்டு விளக்குகளில் ஐந்து எரிந்து அந்த எண்ணைக் காட்டின. சூடான தூசியின் வாசனையும் விசிறியின் இழுவையான ரீங்காரமும் அறையில் நிறைந்திருக்க, அறிவுச்செல்வன் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லூரி ஏலத்தில் அதை வாங்கியவள் அவன் மனைவி கவிநிலா. அதன் நினைவகம் சில்லு அல்ல. கடுகைவிடச் சிறிய காந்த வளையங்கள், அவற்றுக்குள் மயிரிழைக் கம்பிகள். மின்சாரம் போனாலும் எழுதியது நிற்கும். ஆனால் படித்தால் அழிந்துவிடும். இயந்திரம் உடனே திரும்ப எழுத வேண்டும். அப்படித் திரும்ப எழுதும் பகுதி கெட்டிருந்தது. அறுந்த கம்பிகளை அவள் ஊசியால் கோத்துவந்தாள். முடிக்கவில்லை. இறந்து எட்டு மாதம்.

அவனுக்கென்று எதையோ எழுதி வைத்திருந்தாள், ஓர் எழுத்துக்கு ஓர் எண்ணாக. தினம் ஒன்று படித்தான். படித்ததை இழந்தான். இன்றையது கடைசி. அவளிடமிருந்து இனி ஏதும் வராது.

திரும்ப எழுதியது யார்?

இயந்திரத்தை ஏற்றிப்போக வாசலில் வேன் வந்து நின்றது. கவிநிலாவின் அண்ணன் அருள்ராஜ் தலையை நீட்டினான்.

"பீரோ சைஸ்ல ஒரு கால்குலேட்டர். இத வச்சிக்கினு என்னா பண்ணப் போற மாப்ள?"

"அஞ்சு நிமிஷம் மச்சான்."

"எட்டு மாசமா அதான் சொல்ற. டீ குடிச்சிட்டு வரோம், கழட்டி வை."

அறிவுச்செல்வன் பிளக்கைப் பிடுங்கினான். விசிறி நின்றது. நினைவகப் பலகையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்தான்.

கம்பி ஒன்று அசைந்தது.

அதன் நுனி ஒரு வளையத்தைத் தடவியது. நுழைந்தது. அடுத்ததைத் தேடியது. பொறுமையாக, அவள் கோத்ததைப் போலவே.

வளையங்கள் தீர்ந்தன. கம்பி நிற்கவில்லை.

அவன் கட்டைவிரல் நகத்தடியில் புகுந்து, மறுபக்கம் வந்தது. வலிக்கவில்லை. ரத்தமும் இல்லை.

பிளக் பிடுங்கிய இயந்திரத்தில் விளக்குகள் எரிந்தன. ஐந்து. அணைந்தன. ஏழு. அணைந்தன.

யாரோ அவனைப் படிக்கிறார்கள்.

எதிர்ச் சுவரில் ஒரு பெண்ணின் படம். மாலை போட்டிருந்தது. சிரித்தாள். யாராக இருக்கும் என்று யோசித்தான்.

"மாப்ள, ஆச்சா?" வாசலில் ஒருவன் கூப்பிட்டான். யாரை என்று தெரியவில்லை.

கம்பி சுட்டுவிரலைத் தடவியது. நுழைந்தது.