அணைக்கும் முன் ஒரு நிமிஷம்

பட்டறையில் அவரைப் பீப்பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு அப்படி. அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்று மதியம் மனைவியின் தம்பிக்காக ஒரு காரைப் பார்க்கப் போயிருந்தார். தன்னுடைய சின்னக் காரை அந்த வீட்டு வாசலில் ஓரங்கட்டியபோது மைத்துனனே ஃபோனில் வந்துவிட்டான்.

"அத்தான், நாலு வருஷ வண்டிதான். ஆனா பாதி விலை சொல்றாங்க. ஏதோ வில்லங்கம் இருக்கு. நீங்க மோந்து பாத்தாலே கண்டுபிடிச்சிடுவீங்க."

"நான் மெக்கானிக்டா. மோப்ப நாய் இல்ல."

"காலையில வீட்ல குரைச்சீங்கன்னு அக்கா சொன்னாளே."

பீப்பாய்க்குச் சிரிப்பு வந்தாலும் மனசு லேசாகவில்லை. மூன்று வாரமாக வீட்டு மிக்ஸி ஓடவில்லை. "ஊர் வண்டிக்கெல்லாம் உயிர் குடுக்கறீங்க, இதுக்கு ஒரு ஸ்க்ரூ திருப்ப நேரமில்லையா?" என்று மனைவி கேட்டாள். இவர் கத்திவிட்டார். சாப்பாட்டு டப்பாவையும் எடுக்காமல் கிளம்பியிருந்தார். படியிறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். குரலே எழும்பாத பேச்சு. சமையலறைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டு வழியாக அவரைக் கீழே கூட்டிப்போனார். வீட்டுக்கு அடியில் ஒரே ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம். மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கம் இரும்பு ஷட்டர். அதைத் தாண்டினால் தெருவுக்கு ஏறும் சரிவு. ஈரச் சிமெண்ட் வாசனையோடு பழைய பெட்ரோல் வாசனையும் கலந்திருந்தது.

கார் சாம்பல் நிறம். கீறல் ஒன்று இல்லை.

"ஓட்டிட்டு வந்ததும் சட்டுனு அணைச்சிடாதீங்க தம்பி. ஒரு நிமிஷம் ஓடட்டும். அவர் அப்படித்தான் செய்வார்."

"டர்போ வண்டியாச்சேம்மா. ஐயா விஷயம் தெரிஞ்சவர்."

"வண்டிச் சத்தம் கேட்டதும் நான் மேல காபி கலப்பேன். நிமிஷம் முடியறதுக்குள்ள கலந்து, இறங்கி வந்து கூப்பிடுவேன்." அம்மாள் கார் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "போன வருஷம் போயிட்டார். இதே வண்டிக்குள்ளதான். இங்கதான்."

மாரடைப்பாக இருக்கும் என்று பீப்பாய் நினைத்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்பது நாகரிகமில்லை என்று சாவியையும் ஷட்டர் ரிமோட்டையும் வாங்கிக்கொண்டார்.

சீட் முன்னால் தள்ளி இருந்தது. ஐயா குள்ளமானவர் போலிருக்கிறது. பட்டனை அழுத்தி, மோட்டார் முனக முனகக் கடைசி வரை பின்னால் தள்ளி, வயிற்றுக்கு இடம் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

தெருவுக்கு வந்ததும் வண்டியின் குணம் தெரிந்துவிட்டது. ஒன்றரை லிட்டர் எஞ்சின்தான். மெதுவாகப் போகும்போது அடக்கமான பிள்ளை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் யோசிக்கும், மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி. வெளியே போகிற சூடான புகை டர்போவின் சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அது காற்றை எஞ்சினுக்குள் திணிக்க வேண்டுமே, அதற்கான நேரம் அது. பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல ஒரு வேகம் வரும். ஸ்டியரிங் ஊருக்குள் வெண்ணெய், புறவழிச் சாலையில் இரும்பு. மேடு பள்ளங்களை சஸ்பென்ஷன் சத்தமில்லாமல் விழுங்கியது. பின் சீட்டில் மூன்று பேர் கால் நீட்டித் தூங்கலாம்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. வழி நெடுக, பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த சீட்டில் யாருமில்லை.

சென்சார் கோளாறு என்று காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

திரும்பி வந்து, சரிவில் இறங்கி, சுவருக்கு ஒரு முழம் விட்டு நிறுத்தினார். அந்த வேகத்தில் சுழன்ற டர்போ சக்கரம் ஆறும்வரை அதற்கு எண்ணெய் ஓட வேண்டும். இப்போது வருகிற வண்டிகளுக்கு அவ்வளவு கட்டாயமில்லைதான். ஆனாலும் அம்மாள் சொல்லியிருக்கிறார், இறந்துபோன மனிதருக்கு ஒரு மரியாதை. எஞ்சினை ஓடவிட்டார். கடிகாரம் 3:41 காட்டியது.

பின்னால் ஷட்டர் இறங்கியது. ரிமோட்டை அவர் தொடவேயில்லை.

வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கி, அதுவும் போனது.

"அம்மா, ஷட்டர்..." என்று கதவைத் திறக்கப் போனார். நாலு கதவுகளும் ஒரே நேரத்தில் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. எஞ்சினை அணைக்கும் பட்டனை அழுத்தினார். அணையவில்லை. அழுத்திப் பிடித்தார். எஞ்சின் அதே சீரான, அமைதியான முனகலில் ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார்.

3:41.

அப்போது சீட்டுக்கு அடியில் மோட்டார் முனகியது. சீட் நகர ஆரம்பித்தது. முன்னால். ஐயாவின் அளவுக்கு.

பீப்பாய் கால்களை ஊன்றித் தள்ளினார். பட்டனைத் தட்டினார். சீட் அவசரப்படவில்லை. அங்குலம் அங்குலமாக அவரைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கில் வைத்து அழுத்தியது. பெல்ட் இறுகியது. ஹாரன் முழுக்க அவர் வயிற்றுக்கு அடியில்தான் இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஃபோன் சட்டைப் பையில், ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில். விரல் நுழையவில்லை.

புகைக்குப் பெரிய வாசனையில்லை. தலைதான் கனத்தது. கண் சொக்கியது.

இப்போது புரிந்தது. மாரடைப்பு இல்லை. வெளியே வர வேண்டிய மனிதர், மூடிய அறையில், ஓடும் வண்டியில், அந்த ஒரு நிமிஷத்துக்குள் கண் அசந்திருக்கிறார். அந்த நிமிஷம் முடியவே இல்லை.

நடுக் கண்ணாடி தானாகத் திரும்பியது.

அதில் பின்சாலை தெரியவில்லை, ஷட்டர் தெரியவில்லை. அடியில் வெளிச்சம் கசிந்த படிக்கட்டின் கீழ்க்கதவு மட்டும் தெரிந்தது. ஐயா அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மாட்டியிருந்த பெல்ட் மெல்ல உப்பி, மெல்லத் தணிந்தது.

"இன்னும் வரலையா?"

கிசுகிசுப்பு காதுக்கு அருகில். குளிர்ந்து இருந்தது.

கடவுளே, காலையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்றுதான் பீப்பாய்க்கு முதலில் தோன்றியது. மிக்ஸி, டப்பா, திரும்பிப் பார்க்காத படி. பிறகு ஆச்சரியமாக, பயத்துக்கு நடுவிலேயே, பக்கத்தில் இருப்பவர் மேல் ஒரு இரக்கம் வந்தது. இவரும் இப்படித்தானே காத்திருந்திருப்பார்.

"வருவாங்க ஐயா," என்றார் மூச்சு வாங்க. "அதுவரைக்கும் நான் கூட இருக்கேன்."

பெல்ட் ஏறி இறங்கியது. அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. இமை மூடியது. திறந்தார். மூடியது.

கண்ணாடிக்குள் கதவு திறந்தது.

சமையலறை வெளிச்சத்தில் அம்மாள் நின்றிருந்தார். ஓடி வந்து இரண்டு கையாலும் ஜன்னலைத் தட்டினார். ஆனால் அவர் பார்வை பீப்பாய் மேல் இல்லை. பக்கத்து சீட்டின் மேல் இருந்தது.

"என்னங்க... போதும். வாங்க. காபி ஆறுது."

எஞ்சின் நின்றது.

பூட்டுகள் விட்டன. சீட் பின்னால் நகர்ந்தது. கடிகாரம் 4:02 காட்டியது.

மேலே, பீப்பாய் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அம்மாள் எதிரில் அமர்ந்து தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு நாளா பேச்சுவார்த்தை இல்ல எங்களுக்கு. ஒண்ணுமில்லாத விஷயம். அன்னைக்கும் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நிமிஷம் தாண்டியும் கேட்டுச்சு. வேணும்னா அவரே வரட்டும்னு இருந்துட்டேன் தம்பி. இன்னைக்கு அதே சத்தம் கேட்டப்போ... உக்காந்திருக்க முடியல."

"அம்மா, வண்டிய..."

"விக்கல. உங்க மைத்துனர்கிட்ட சொல்லிடுங்க."

மேஜையில் இரண்டு டம்ளர் காபி இருந்தது. பீப்பாய்க்கு மூன்றாவதாக ஒன்று கலந்து கொடுத்தார்.

கிளம்பும்போது சூரியன் சாயவில்லை. தன் காரில் ஏறி, எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினார். இருபது வருஷ வண்டி. டர்போ கிடையாது, மோட்டார் சீட் கிடையாது. சாவியைத் திருப்பினால் அந்த நொடியே செத்துப்போகும். அதுதான் அதனிடம் அவருக்குப் பிடித்ததே. வழியில் மிக்ஸி மோட்டாருக்கு ஒரு கார்பன் பிரஷ் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி, உருவிக் கையில் எடுத்துக்கொண்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அசையவில்லை. பக்கத்து சீட்டைப் பார்க்கவும் இல்லை. வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திறக்குமா?

வெகுநேரம் போலிருந்தது. பிறகு தாழ்ப்பாள் சத்தம். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படியிறங்கி வந்து, கண்ணாடி இறங்கிக் கிடந்த ஜன்னல் விளிம்பைத் தட்டினாள்.

"என்னங்க, இவ்வளவு நேரமா வண்டி ஓடுது, உள்ள வராம என்ன பண்றீங்க?"

எஞ்சின் நின்றது.

அவள் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி, பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அவளுக்குக் குரல் தாழ்ந்தது.

"யாருங்க அது, பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கறது?"