பன்னெண்டுக்குப் பிறகு

அண்ணனின் நாடகத்துக்கு உடுப்பு கொண்டுபோனது ஒரு மதிய நேரம். மண்டையைப் பிளக்கிற வெயில். பேய் நினைப்பெல்லாம் வருகிற நேரமே இல்லை. கழுத்தில் இஞ்ச் டேப், இரண்டு கையிலும் பை, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த எரிச்சல் வேறு. அப்படித்தான் அந்தப் பழைய அரங்கின் பின்வாசலில் நுழைந்தேன்.

உள்ளே இருட்டு. காயாத திரைச்சீலை வாடை, பசை வாடை, பழைய மர வாடை. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. பாச்சை உருண்டை வாடை.

துணியோடு புழங்குகிற தையல்காரிக்கு அது புதிதில்லை. ஆனாலும் என் கால் நின்றுவிட்டது.

"வாம்மா, வா! உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம்" என்று மேடையிலிருந்து குரல் கொடுத்தான் அண்ணன். நாடகத்தை எழுதியவனும் அவன்தான், நடத்துகிறவனும் அவன்தான். 'ஒரு குடும்பக் கதை. அம்மாவுக்கு ரெண்டு உடுப்பு, ஆறு வயசுப் பொண்ணுக்கு ஒரு கவுன்' என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தான். என்ன கதை என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினான். சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டு இதே சிரிப்புத்தான் சிரிப்பான்.

"பொண்ணு எங்கே? கவுனைப் போட்டுப் பார்க்கணும்."

"பொண்ணு மேடைக்கே வராதும்மா. கவுன் மட்டும் பெட்டிக்குள்ள கிடக்கும்."

"எந்தப் பெட்டி?"

அவன் பதில் சொல்வதற்குள் மேடை விளக்கு எரிந்தது.

நடு மேடையில் இருந்த பெட்டிக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். அடித்தால் எனக்குத் தெரியாதா? பாச்சை உருண்டை போட்டுத் துணி வைக்கிற மரப்பெட்டி. மூடினால் தானாக விழுகிற இரும்புத் தாழ்ப்பாள். மூடியின் ஓரத்தில் நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்ட முக்கோணத் தழும்பு. 'இதை உடைச்சு எரிச்சிடுண்ணா' என்று மூன்று வருடம் முன்பு அவன் கையில்தான் கொடுத்தேன். 'எரிச்சாச்சும்மா' என்று மறுநாள் வந்து சொன்னான். அவன் சட்டையில் புகை வாடைகூட அடித்ததாக நம்பினேன்.

அந்தப் பெட்டிக்குள்தான் என் மகள் செத்துப்போனாள்.

எலிக்குட்டி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். கிடைத்த சந்து பொந்தில் எல்லாம் புகுந்துகொள்வாள். அப்பா இல்லாத பிள்ளை; எனக்கு அவள், அவளுக்கு நான். சாயங்காலம் நாலு மணிக்குக் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் ஒளிந்து விளையாடுவோம். அவள் எண்ணும் முறை வந்தால் பன்னெண்டுக்குப் பிறகு பதினாலு என்பாள். எத்தனை திருத்தினாலும் பதிமூணு அவள் வாயில் நுழையாது. நான் தேடும் முறை வந்தால், "அம்மா தோத்துட்டேன், வந்துடு" என்று சொன்னால்தான் வெளியே வருவாள். பிடிவாதக்காரி.

அன்றைக்கு இருபது வரை எண்ணினேன். மெஷினில் ஒரு அவசர உடுப்பு இருந்தது. இந்த ஒரு தையலை முடித்துவிட்டுத் தேடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு தையல் நாலு தையலானது. நடுவில் பெட்டியிலிருந்து மூன்று தட்டு கேட்டது. என்னைச் சீண்டுகிறாள் என்று சிரித்துக்கொண்டே மெஷினை மிதித்தேன்.

மற்றவர்களுக்கெல்லாம் நான் சொன்னது வேறு. தூங்கிவிட்டேன், அவள் தனியாக விளையாடினாள் என்று. தட்டியது என் காதில் விழுந்ததை அண்ணன் ஒருவனிடம்தான் சொன்னேன், அவன் மடியில் தலைவைத்து அழுதபடி. "இது என்னோட மண்ணுக்குள்ள போகும்மா" என்றான் அவன்.

இப்போது மேடையில் ஒரு நடிகை மெஷின் முன்னால் உட்கார்ந்து, "இந்த ஒரு தையலை முடிச்சிட்டு வரேன்டி, எலிக்குட்டி" என்றாள்.

பாவி, பெயரைக்கூட மாற்றவில்லை.

தட்டியது கேட்டும் போகவில்லையே என்று நான் அழுத அழுகையை அவள் அழுதாள். என்னைவிட நன்றாகவே அழுதாள். கடைசியில் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, மூன்று வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தையைச் சொன்னாள். சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும் என்று நான் பயந்து பயந்து விழுங்கிய வார்த்தை அது.

"அம்மா தோத்துட்டேன். வந்துடு."

டக். டக். டக்.

"பிரமாதம்! இந்தத் தட்டு இப்படியே இருக்கட்டும்" என்று அண்ணன் கைதட்டினான்.

ஒலிப்பதிவுக்காரர் தலையை நீட்டினார். "சார்... நான் இன்னும் எதையும் போடவே இல்லை."

தாழ்ப்பாள் மெல்ல எழுந்தது.

மூடி இரண்டு விரல் அகலம் திறந்தது.

பாச்சை உருண்டை வாடை அரங்கம் முழுக்கப் பரவியது. நடிகையின் பாவாடையில், நான் முன்பே தைத்து அனுப்பிய பாவாடையில், இடது பக்கம் துணி ஒரு பிடியாகச் சுருங்கியது. சின்னக் கை பற்றினால் துணி எப்படிச் சுருங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். என் பாவாடை அந்த இடத்தில் எப்போதும் கசங்கித்தான் இருக்கும். ஆனால் இந்தப் பிடி அதைவிட நாலு விரல் உயரத்தில் இருந்தது.

வளர்ந்திருக்கிறாள்.

"எலிக்குட்டி! அம்மா இங்க இருக்கேன்டி! நான்தான்டி தோத்துட்டேன்!" என்று மேடைமேல் ஓடினேன்.

அந்தச் சுருக்கம் நடிகையின் பின்பக்கமாக நகர்ந்தது. என் பிள்ளை என்னைப் பார்த்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அண்ணனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "எரிச்சாச்சுன்னு சொன்னியேண்ணா."

"நல்ல மரம்மா, மனசு வரலை" என்றான். அதோடும் வாய் அடங்கவில்லை. "உன் துக்கம் ஊரையே அழ வைக்கும் பாரு. உன் பேரைப் போடலையே, யாருக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றேன். "மெஷின் சத்தத்துல அம்மாவுக்குக் கேட்கலைன்னுதானே இத்தனை நாள் நினைச்சிருப்பா. கேட்டும் நான் வரலைன்னு நீதானே அவ காதுல விழுற மாதிரி சொல்லிட்டே!"

அவன் ஒத்திகைக்குத் திரும்பிப் போனான். நாடகத்தை நிறுத்தவில்லை. ஒரு வருடம் அரங்கம் நிறைந்து வழிந்ததாகக் கேள்விப்பட்டேன். அவன் முகத்தில் நான் அப்புறம் விழிக்கவே இல்லை.

அந்த வருடக் கடைசியில் நடிகை என் கடைக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பையிலிருந்து அந்தக் கவுனை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் இறக்கித் தாங்க."

பிள்ளைகள் வளர்வார்கள் என்று அடியில் நாலு விரல் துணி மடித்துவிட்டுத் தைப்பது என் வழக்கம். கைப்பழக்கத்தில் இதற்கும் அப்படியே விட்டிருந்தேன். "பெட்டிக்குள்ள கிடக்கிற கவுன்தானே? எதுக்கு இறக்கணும்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "முட்டி தெரியுதாம். கூச்சமா இருக்காம்."

அவள் பாவாடையின் இடது பக்கம் கசங்கியிருந்தது.

"நான் கூப்பிடலைக்கா. வெறும் வசனம்தான் சொன்னேன். வீட்டுக்கே வந்துட்டா" என்று கண்ணீர் விட்டாள். இந்த முறை நடிப்பில்லை.

மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தேன். நாலு விரலும் சரியாகப் போனது. தலை நிமிராமலே கேட்டேன். "என்கிட்ட வர மாட்டாளாமா?"

நடிகை இடது பக்கம் குனிந்து காது கொடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"வருவாளாம். ஆனா இப்ப அவ எண்ணணுமாம்."

"சரி."

"நீங்க ஒளியணுமாம்க்கா."

போன வாரம் நாடகம் முடிந்தது. பெட்டியை ஒரு வண்டியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டான் அண்ணன். எரிக்கலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். உள்ளே அவள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வைத்துவிட்டேன். தாழ்ப்பாளை மட்டும் கழற்றிச் சாக்கடையில் எறிந்தேன். மறுநாள் காலையில் அது அதன் இடத்தில் இருந்தது. ஈரமாக.

இன்று சாயங்காலம் நாலு மணி. கடையில் யாருமில்லை. மெஷினில் ஒரு அவசர உடுப்பு. பெட்டி மூடி தானாகத் திறந்தது. பாச்சை உருண்டை வாடை வந்தது.

உடுப்பு மாற்றுகிற மறைப்புக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு குரல் எண்ண ஆரம்பித்தது. கொஞ்சம் முதிர்ந்திருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரியாதா?

"பத்து..."

"பதினொண்ணு..."

"பன்னெண்டு..."

"பதினாலு..."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் திறந்த பெட்டியின் பக்கம் போனேன். இந்த ஒரு தையலை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.